பிஎஸ்சி ஃபிசிக்ஸ் சேரப் போகிறீர்களா? மார்க் எங்கே போகிறது என்று முதல் வாரமே பாருங்கள்

முதல் செமஸ்டரில் ஃபிசிக்ஸில் எனக்குக் கிடைத்தது 64. இன்னும் ஒரு மார்க் இருந்திருந்தால் கிரேடு பி பிளஸ் ஆகியிருக்கும், பி-யோடு நின்றது. அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று எனக்குத் தெரியும். லேப் ரெக்கார்டில் டீச்சரின் கையெழுத்து இல்லாத இரண்டு பக்கங்களில் போனது. பரீட்சை ஹாலில் நான் பட்ட பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

என் வீடு கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். பிளஸ் டூ வரை எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் தமிழ் வழியில் படித்தேன். 2024 ஜூலையில் கேரளத்தில் நான்கு வருட டிகிரி தொடங்கியபோது, காலிகட் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். முதல் பேட்ச் என்பதால் கேட்டுத் தெரிந்துகொள்ள சீனியர்கள் கிடையாது. வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், சித்தூர் பக்கத்திலிருந்து ஃபிசிக்ஸ் படிக்க வருகிறவர்கள் நான் தடுக்கிய இடங்களில் தடுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மூணாறு, பீருமேடு பக்கம் இருப்பவர்கள் வேறு பல்கலைக்கழகத்தின் கீழ் வருவீர்கள். மார்க் பிரியும் விதம் அங்கே மாறலாம். உங்கள் சிலபஸைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. சிலபஸில் மார்க் பிரியும் பக்கங்களை முதலில் படியுங்கள்

எல்லோரும் சிலபஸில் பாடங்களைத்தான் பார்ப்பார்கள். மார்க் எப்படிப் பிரிகிறது என்ற பட்டியலும் அதே சிலபஸில் இருக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.

ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு எடை உண்டு, அதற்குப் பெயர் கிரெடிட். லேபோடு சேர்ந்த நான்கு கிரெடிட் ஃபிசிக்ஸ் பேப்பர் மொத்தம் 100 மார்க். எக்ஸ்டர்னல் (செமஸ்டர் முடிவில் நடக்கும் பல்கலைக்கழகப் பரீட்சை) 70, இன்டர்னல் (கல்லூரிக்குள் போடும் மார்க்) 30. இந்த 30-இல் லேபுக்கு மட்டும் 20. மீதி 10 மார்க்தான் தியரிக்கு: டெஸ்ட் அல்லது மிட் செமஸ்டருக்கு 5, செமினார் அல்லது வைவா (வாய்மொழித் தேர்வு) அல்லது குவிஸுக்கு 3, அசைன்மென்டுக்கு 2.

லேப் இல்லாத நான்கு கிரெடிட் பேப்பரில் கணக்கு வேறு. அதில் நான்கு மாட்யூல்களுக்கு (பாடப்பகுதிகளுக்கு) 20, டீச்சரே உள்ளடக்கத்தை முடிவு செய்யும் ஓப்பன் எண்டட் மாட்யூலுக்கு 10. மூன்று கிரெடிட் பேப்பர் மொத்தமே 75 மார்க்தான். இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 50.

அசைன்மென்டுக்கு வெறும் 2 மார்க் என்று பார்த்ததும் விட்டுவிடத் தோன்றும். நானும் ஒன்றை நாள் தள்ளிக் கொடுத்தேன். 64-இல் நின்றவனுக்கு அந்த 2 என்ன விலை என்று ரிசல்ட் வந்த அன்றுதான் புரிந்தது.

2. லேப்: 20 மார்க் உங்கள் கையில்

லேப் மார்க் முழுக்கக் கல்லூரிக்குள்ளேயே போடப்படுகிறது. வாராவாரம் லேபில் நீங்கள் செய்வதற்கு 10, செமஸ்டர் முடிவில் நடக்கும் லேப் பரீட்சைக்கும் வைவாவுக்கும் சேர்த்து 7, ரெக்கார்டுக்கு 3. வாராந்திர மதிப்பீட்டில் தேறியவர்களுக்குத்தான் முடிவில் லேப் பரீட்சையும் வைவாவும். அந்த மதிப்பீடு செமஸ்டர் பரீட்சை தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பே முடிந்துவிட வேண்டும் என்பது விதி. கடைசி வாரத்தில் ஓடிப்போய் "டீச்சர், ரெண்டு எக்ஸ்பெரிமென்ட் பாக்கி இருக்கு" என்று நிற்பதில் பலன் இல்லை.

ரெக்கார்டுக்கு நான் இப்போது கடைப்பிடிக்கும் வழக்கம் இது. ரீடிங் எடுத்த அன்றே ரஃப் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிடுவேன். லேபை விட்டு வெளியே வந்துவிட்டால் அந்த ரீடிங் யார் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஃபேர் ரெக்கார்டை அந்த வாரத்துக்குள் எழுதி, அடுத்த லேபுக்கு உள்ளே போகும்போதே மேசையில் வைத்துவிடுவேன். ரெக்கார்டு, கிராஃப் ஷீட், பென்சில் எல்லாம் பெரிய செலவு இல்லை. சயின்டிஃபிக் கால்குலேட்டருக்குத்தான் கொஞ்சம் அதிகம் ஆகும். அதைச் சேர்ந்த முதல் மாதமே வாங்கி, லேபிலும் வீட்டிலும் அதையே பயன்படுத்துங்கள். பரீட்சைக்கு நண்பனிடம் கடன் வாங்கிய கால்குலேட்டரில் ரேடியன் மோட் இருந்ததால் ப்ரிசம் கணக்கு முழுவதும் தப்பாகப் போட்ட ஒருவர் என் வகுப்பிலேயே இருக்கிறார். எந்த வகைக் கால்குலேட்டரை ஹாலுக்குள் விடுவார்கள் என்று வாங்கும் முன் டிபார்ட்மென்டில் கேட்டுக்கொள்ளுங்கள். புரோகிராம் செய்யும் வசதி உள்ளது வேண்டவே வேண்டாம்.

டார்ஷன் பெண்டுலத்தில் (கம்பியில் தட்டைத் தொங்கவிட்டு முறுக்கி அலையவிடும் எக்ஸ்பெரிமென்ட்) எனக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வைவா மார்க் போகும் இடம் இதுதான். கம்பியின் விட்டத்தை ஸ்க்ரூ கேஜில் அளந்தேன். 0.52 மில்லிமீட்டர். ரிஜிடிட்டி மாடுலஸ் (விறைப்புக் குணகம்) கணக்கு எதிர்பார்த்த மதிப்பைவிடக் கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைவாக வந்தது. நேரம் அளந்ததில் பிசகு என்று நினைத்து, இருபது அலைவுகளை மூன்று தடவை மறுபடி எண்ணினேன். நேரத்தில் ஒன்றுமில்லை. வைவாவில் டீச்சர் ஸ்க்ரூ கேஜை என் கையில் கொடுத்து, கம்பி இல்லாமல் மூடச் சொன்னார். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பிரிவு தள்ளி நின்றது. 0.02 மில்லிமீட்டர் ஜீரோ எரர். சரியான விட்டம் 0.50. இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் சூத்திரத்தில் ஆரம் நான்காம் அடுக்கில் வருகிறது; விட்டத்தில் 4 சதவீதப் பிழை இருந்தால் விடையில் அது நான்கு மடங்குக்கு அருகில் போய்விடும்.

அதனால் ரெக்கார்டில் ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்டுக்கும் கடைசியில் இரண்டு வரி எழுதி வையுங்கள்: எந்த அளவு எத்தனையாம் அடுக்கில் வருகிறது, அந்தக் கருவியின் ஜீரோ எரர் எவ்வளவு. வைவாவில் சுற்றிச் சுற்றி இதைத்தான் கேட்கிறார்கள்.

3. தமிழ் வழியில் படித்தவர்கள் ஒரு சொல் நோட்டு போடுங்கள்

முதல் லேபில் டீச்சர் என்னிடம், "லீஸ்ட் கவுண்ட் எத்ரயா?" (எவ்வளவு?) என்று கேட்டார். முழித்தேன். மலையாளம் புரியவில்லை என்று நினைத்து இங்கிலீஷில் கேட்டார். மலையாளம் எனக்கு நன்றாகவே புரியும். லீஸ்ட் கவுண்ட் என்பது நான் இரண்டு வருடம் எழுதிய மீச்சிற்றளவுதான் என்பது தெரியவில்லை, அவ்வளவுதான். ஸ்பெக்ட்ரோமீட்டரில் மெயின் ஸ்கேலில் அரை டிகிரி, வெர்னியரில் முப்பது பிரிவு, அப்படியானால் ஒரு மினிட். கணக்கு தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

வகுப்பு மலையாளமும் இங்கிலீஷும் கலந்து ஓடும். கேள்வித்தாள் இங்கிலீஷில் வரும். பள்ளியில் படித்த சொற்களுக்கு எதிரே இங்கே புழங்கும் சொல்லை எழுதி வையுங்கள். உந்தம் இங்கே மொமென்டம், முடுக்கம் ஆக்சலரேஷன், நிலைமத் திருப்புத்திறன் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா, பாகுநிலை விஸ்காசிட்டி, பரப்பு இழுவிசை சர்ஃபேஸ் டென்ஷன், குறுக்கீட்டு விளைவு இன்டர்ஃபெரன்ஸ், விளிம்பு விளைவு டிஃப்ராக்ஷன். இருநூறு சொல் வந்தால் போதும், இரண்டு செமஸ்டருக்கு ஓடும். இதற்கு மூன்று வாரம் ஆனது எனக்கு. தமிழில் புரிந்த பாடம் எங்கேயும் போய்விடவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது என்று தெரிந்ததும் பயம் பாதி குறைந்தது.

இன்னொன்று. கூடுதல் மொழியாகத் தமிழ் எடுக்க உங்கள் கல்லூரியில் வசதி இருந்தால் எடுங்கள். அந்த மூன்று கிரெடிட்டில் நீங்கள் வாங்கும் கிரேடு எஸ்ஜிபிஏ-வை, அதாவது அந்த செமஸ்டரின் கிரேடு சராசரியை, தூக்கிப் பிடிக்கும்.

4. அட்டெண்டன்ஸ்: பொங்கலை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்

பரீட்சை எழுத 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேண்டும். ஒரு கிரெடிட் லேப் என்றால் செமஸ்டருக்கு 30 மணி நேரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஆக மொத்தம் பதினைந்து லேப். நான்கு விட்டால் 11-தான் மிஞ்சும். லேபில் மட்டும் 73 சதவீதத்துக்கு இறங்கிவிடும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தைப்பொங்கலுக்குப் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், ஆனால் அது ஒரு நாள்தான். மாட்டுப் பொங்கலன்று கல்லூரி திறந்திருக்கும். பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் உறவுக்காரர்கள் நான்கு நாள் கொண்டாடுவார்கள், அம்மாவும் கூப்பிடுவார். அந்த வாரம் உங்கள் லேப் எந்தக் கிழமை என்று டிசம்பரிலேயே பாருங்கள். லேப் பேட்சை மாற்றி இன்னொரு நாளில் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். போய்விட்டு வந்து கேட்டால் அந்த ரீடிங்கை எடுக்க ஸ்பெக்ட்ரோமீட்டர் காலியாக இருக்காது.

ஓணத்துக்கு நேர்மாறு. பத்து நாள் லீவு வரும். அதற்கு முந்தைய வாரம் டெஸ்ட், அசைன்மென்ட் எல்லாம் குவியும். தமிழ்நாட்டுப் பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வாரம் எப்போதும் எதிர்பாராததுதான்.

என்எஸ்எஸ் முகாம், விளையாட்டு என்று போனால் அதற்கான சான்றிதழைத் திரும்பி வந்த அன்றே கொடுங்கள். முன்கூட்டி அனுமதி வாங்காமல் போன நாட்களை யாரும் சேர்த்துத் தர மாட்டார்கள்.

5. பரீட்சை ஃபீஸ், ஹால் டிக்கெட், இனிஷியல்

பரீட்சைக்குப் பதிவு செய்யும் அறிவிப்பில் இரண்டு தேதிகள் இருக்கும். ஃபைன் இல்லாமல் கட்டக் கடைசி நாள் ஒன்று, ஃபைனோடு கட்டக் கடைசி நாள் இன்னொன்று. இரண்டாவது தேதியை மறந்துவிடுங்கள், முதல் தேதிதான் உங்களுடையது. கடைசி நாள் சர்வர் நகராது. அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இ-சேவை மையம்) கூட்டம் நிற்கும்.

இ-கிராண்ட்ஸ் (கேரள அரசின் கல்வி உதவித்தொகை) கிடைக்கக்கூடியவர்கள் அதற்கான சாதி, வருமானச் சான்றிதழ்களை வில்லேஜ் ஆபீஸ் வழியாகச் சேர்ந்த உடனே வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் வாங்கிய சான்றிதழை நம்பி இருக்க வேண்டாம். நம் ஆட்களில் பாதிப் பேருக்குக் குடும்பம் இரண்டு மாநிலத்திலும் இருப்பதால் இங்கேதான் அதிகம் சிக்குகிறார்கள்.

அப்புறம் பெயர். தமிழ்நாட்டு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். பல்கலைக்கழகப் பதிவில் மூன்றாவதாக ஒரு வடிவம் ஏறிவிடும். உங்கள் கிரெடிட் எல்லாம் அகாடெமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்ற தேசிய ஆன்லைன் கணக்கில் சேர வேண்டும். பெயர் பொருந்தவில்லை என்றால் அங்கே இடிக்கும். முதல் ஹால் டிக்கெட்டை டவுன்லோட் செய்ததும் பெயர், பிறந்த தேதி, பேப்பர் கோடு மூன்றையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மைனர் (துணைப் பாட) பேப்பரை மாற்றியவர்கள் கோடை இரண்டு தடவை பாருங்கள். கிரேடு கார்டு அடித்து வந்த பிறகு திருத்துவது வேலையும் செலவும்.

6. பரீட்சை ஹால்: இரண்டு மணி நேரமும் சீலிங்கும்

70 மார்க் பேப்பருக்கு இரண்டு மணி நேரம். ஏ பகுதியில் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றும் 3 மார்க், சீலிங் 24. பி பகுதியில் எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றும் 6 மார்க், சீலிங் 36. சி பகுதியில் இரண்டு கேள்விகள், ஒன்றை எழுதினால் போதும், 10 மார்க்.

சீலிங் என்றால் என்ன? பத்தையும் எழுதலாம், பத்துக்கும் திருத்துவார்கள், கூட்டினால் 28 வந்தாலும் 24-தான் கணக்கில் ஏறும். நான் முதல் பரீட்சையில் இதை "பத்தில் எட்டு எழுதினால் போதும்" என்று புரிந்துகொண்டேன். எட்டை எழுதினேன். இரண்டு தப்பு. மீதி ஆறும் முழு மார்க் வாங்கியிருந்தாலும் 18-க்கு மேல் வழியில்லை. கணக்கு மைனரில் கூடப் படித்த ஒரு அக்கா பஸ்ஸில் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, எட்டோட நிறுத்துன? பத்தும் எழுதியிருந்தா அரைகுறையா எழுதுனதுக்கும் கெடைச்சிருக்குமே" என்றார். அதுதான் விஷயம். பத்தையும் எழுதுகிறவருக்குச் சராசரியாக ஒரு கேள்விக்கு 2.4 வந்தாலே சீலிங்கைத் தொட்டுவிடலாம். பி பகுதியில் எட்டையும் எழுதினால் 6-க்கு 4.5 சராசரி போதும். ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருப்பதைவிட ஒன்றையும் விடாமல் எழுதுவது இந்த முறையில் லாபம்.

நேரத்தை நான் இப்படிப் பிரிக்கிறேன். ஏ பகுதிக்கு நாற்பது நிமிடம், கேள்விக்கு நான்கு. பி பகுதிக்கு ஒரு மணி நேரம், கேள்விக்கு ஏழரை. சி-க்குப் பதினைந்து. மீதி ஐந்தில் யூனிட்டுகளைச் சரிபார்ப்பது. முதல் தடவை நான் ஏ பகுதிக்கே எழுபது நிமிடம் எடுத்துக்கொண்டேன். மூன்று மார்க் கேள்விக்கு ஒரு பக்க டெரிவேஷன் எழுதியிருந்தேன். பள்ளியில் பக்கத்தை நிரப்பிப் பழகிய கை. பி பகுதியில் நான்குதான் தொட முடிந்தது.

கணக்குக் கேள்வியில் விடை வராவிட்டாலும் வெறுமனே விடாதீர்கள். கொடுத்த அளவுகளை எஸ்ஐ யூனிட்டில் எழுதி, சூத்திரம் எழுதி, மதிப்புகளைப் போட்டு நிறுத்தினால்கூட அதற்கு மார்க் உண்டு. விடைக்கு யூனிட் இல்லை என்றால் சரியான எண்ணுக்கும் வெட்டு விழும்.

50 மார்க் பேப்பர்களுக்கு ஒன்றரை மணி நேரம். ஏ பகுதியில் பத்து இரண்டு மார்க் கேள்விகள், சீலிங் 16. பி-யில் ஐந்து கேள்விகள், சீலிங் 24. சி அதேதான்.

7. கிரேடு கணக்கு

இன்டர்னலும் எக்ஸ்டர்னலும் சேர்ந்த சதவீதத்துக்குத்தான் கிரேடு. 95 முதல் ஓ, பத்து பாயின்ட். 85 முதல் ஏ பிளஸ், ஒன்பது. 75 முதல் ஏ, எட்டு. 65 முதல் பி பிளஸ், ஏழு. 55 முதல் பி, ஆறு. 45 முதல் சி, ஐந்து. 35 முதல் பி என்று தமிழில் எழுதினால் குழம்பும். அது பாஸ் என்பதன் முதல் எழுத்து, நான்கு பாயின்ட். அதற்குக் கீழே எஃப். எக்ஸ்டர்னலுக்குத் தனியாக எவ்வளவு வேண்டும் என்ற பகுதியை ஒழுங்குவிதியில் தேடிப் படியுங்கள். இன்டர்னல் நிறைய இருக்கிறது என்று பரீட்சையை லேசாக எடுத்தவர்கள் அங்கேதான் விழுகிறார்கள்.

எஸ்ஜிபிஏ போடுவது சுலபம். ஒவ்வொரு பேப்பரின் கிரெடிட்டையும் பாயின்டையும் பெருக்கிக் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். முதல் செமஸ்டரில் மூன்று நான்கு-கிரெடிட் பேப்பர், மூன்று மூன்று-கிரெடிட் பேப்பர், ஆக 21. ஃபிசிக்ஸ் 7, கணக்கு 6, கெமிஸ்ட்ரி 8, இங்கிலீஷ் 6, தமிழ் 9, மல்டி டிசிப்ளினரி (பிற துறைப் பாடம்) 8 என்று வைத்துக்கொண்டால் 28, 24, 32, 18, 27, 24. கூட்டினால் 153. இருபத்தொன்றால் வகுத்தால் 7.29. எனக்கு ஃபிசிக்ஸில் அந்த ஒரு மார்க் இல்லாததால் 7-க்குப் பதில் 6. கூட்டுத்தொகையில் நான்கு குறைந்து 7.10 ஆனது. ஒரே ஒரு மார்க், எஸ்ஜிபிஏ-வில் 0.19.

அதனால் இன்டர்னல் கையில் கிடைத்ததும் எக்ஸ்டர்னலில் எத்தனை வாங்கினால் எந்த வரம்பைத் தாண்டலாம் என்று எழுதிப் பாருங்கள். இன்டர்னல் 24 என்றால் பி பிளஸுக்கு 41 வேண்டும், ஏ-வுக்கு 51. குறிக்கோள் எண்ணாக இருந்தால் படிக்கவும் தோன்றுகிறது.

8. மார்க்கில் சந்தேகம் வந்தால்

இன்டர்னல் மார்க் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் உங்களுக்குக் காட்டப்படும். அந்த ஓரிரு நாள்தான் உங்கள் நேரம். நோட்டீஸ் போர்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். தப்பு என்று தோன்றினால் முதலில் பாடம் எடுத்த டீச்சர், அப்புறம் டிபார்ட்மென்ட், அதற்கு மேல் கல்லூரி, கடைசியில் பல்கலைக்கழகம். குறை தீர்க்க இப்படி அடுக்கடுக்காக வழி இருக்கிறது, படி தாண்டிப் போக வேண்டாம். திருத்தித் தந்த டெஸ்ட் பேப்பர், அசைன்மென்ட், கையெழுத்தோடு இருக்கும் ரஃப் ரெக்கார்டு மூன்றையும் செமஸ்டர் முடியும் வரை தூக்கி எறியாதீர்கள். என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு டெஸ்டில் 5-க்கு 4 வந்திருந்தது, பட்டியலில் 1 என்று ஏறியிருந்தது. திருத்திய தாளைக் காட்டினாள். அன்று மாலையே சரி செய்துவிட்டார்கள்.

எக்ஸ்டர்னலுக்கு மூன்று வழிகள்: ரீவேல்யூவேஷன், ஸ்க்ரூட்டினி, விடைத்தாள் ஃபோட்டோகாப்பி. மூன்றும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி ஃபீஸ். கடைசி நாள் ரிசல்ட் அறிவிப்பிலேயே இருக்கும். ஸ்க்ரூட்டினியில் கூட்டலும் விடுபட்ட விடைகளும்தான் பார்ப்பார்கள், மறுபடி திருத்த மாட்டார்கள். ஒரு வரம்புக்கு ஒன்றிரண்டு மார்க்கில் நின்றிருந்தால் ரீவேல்யூவேஷன் போடுவது நியாயம். பத்து மார்க் வித்தியாசம் என்றால் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு அடுத்த பேட்சோடு எழுதத் தயாராகுங்கள்.

இதற்கெல்லாம் பல்கலைக்கழகம் இருக்கும் தேஞ்ஞிப்பாலத்துக்கு நேரில் போக வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலான வேலை ஆன்லைனிலேயே முடிகிறது. போயே தீர வேண்டும் என்றால் பாலக்காட்டிலிருந்து ஷொர்ணூர் வழியாக ரயிலில் பரப்பனங்காடி போய் அங்கிருந்து பஸ் பிடியுங்கள். நம் பக்கத்திலிருந்து போய்வர ஒரு நாள் முழுதாகப் போய்விடும். கிளம்பும் முன் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவான பரீக்ஷா பவனுக்குப் போன் செய்து எந்த செக்ஷன், என்ன காகிதம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட், கிரேடு கார்டு, ஆதார், பிளஸ் டூ மார்க் ஷீட், ஃபீஸ் கட்டிய ரசீது எல்லாவற்றுக்கும் இரண்டு நகல், அசலும் கூடவே. ரசீதை மட்டும் நான் வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். மறுவாரம் மறுபடி அதே ரயிலில் போக வேண்டியிருந்தது.